கண்ணாடிக்கு அப்பால் எட்டுப் பேர்

ரால்ஃப் ஹெஸ்லப் இருட்டில் உட்கார்ந்து, தன்னைத் தேர்ந்தெடுத்த ஊரை ஒளிந்திருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நடுவே ஒரு கண்ணாடி. அவர் பக்கமிருந்து பார்த்தால் அது ஜன்னல். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கோ வெறும் முகக்கண்ணாடி.

"இருமல் வந்தா கைக்குட்டைய வாயில வச்சுக்குங்க சார். சத்தம் அந்தப் பக்கம் கேட்டுரும்" என்றாள் ஆய்வு நிறுவனத்துப் பெண். பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். கடிக்கும் சத்தமும் கேட்குமோ என்று அவர் எடுக்கவில்லை.

லண்டனிலிருந்து வெகுதூரம் தள்ளி, வடகிழக்குக் கடலோரத்தில், ஒரு காலத்தில் உருக்காலை இருந்த ஸ்கெல்பிக்கு அவர் பதினான்கு வருடமாக எம்.பி. ஆலையை மூடியபோது தொழிலாளர்களோடு வாசலில் மழையில் நின்றவர். அந்த நாளில் ஊர் அவரைத் தோளில் வைத்துக்கொண்டது. பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் நாடு இருப்பதா வெளியேறுவதா என்ற வாக்கெடுப்பு வந்தது. ரால்ஃப் இருப்போம் என்றார். ஊரில் மூன்றில் இரண்டு பேர் போவோம் என்றார்கள். அடுத்த தேர்தலில், "உங்கள் தீர்ப்பை மதிப்பேன்" என்று வாக்குக் கொடுத்துத்தான் ஜெயித்தார். ஆனால் பிரதமர் கொண்டுவந்த வெளியேறும் ஒப்பந்தத்தைக் கட்சிக் கட்டளைப்படி இரண்டு முறையும் எதிர்த்து வாக்களித்தார். போகச் சொன்னவர்கள் துரோகி என்றார்கள். இருக்கச் சொன்னவர்கள், மறு வாக்கெடுப்பைத் துணிந்து கேட்காத கோழை என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அலுவலகக் கதவில் யாரோ சிவப்பு மையை ஊற்றிவிட்டுப் போனார்கள். சனிக்கிழமைச் சந்தைக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார். மனைவி மட்டும் போய்க் காய்கறி வாங்கி வந்தாள்.

இப்போது மார்ச் மாதக் கடைசி. ஒப்பந்தம் மூன்றாம் முறையாக அவைக்கு வரும் என்று பேச்சு. ஊர் என்ன நினைக்கிறது என்று அறிய, பழைய கூட்டுறவுக் கட்டடத்தின் மாடியில் எட்டுப் பேரைக் கூட்டிவைத்துப் பேசவிடக் கட்சி ஏற்பாடு செய்திருந்தது. தெரியாமல் வந்து கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள். வந்துவிட்டார். தன் ஊரைப் பார்க்கத் தானே திருடனைப் போலப் பின்படிக்கட்டு ஏறி வந்ததை நினைத்தால் நாக்கில் கசந்தது.

அந்தப் பக்கம் ஈரக் கோட்டுகளை நாற்காலியில் மாட்டிவிட்டு எட்டுப் பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்திய ஃபிலிப்பா லண்டனிலிருந்து வந்தவள்; அமைதியான குரல்.

"எங்க ஆளுங்க சில பேர் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால இருந்து கேக்கலாம். யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?"

"டீ உண்டா?" என்றார் டாக்சி ஓட்டும் கீத் ட்வெடில். அதோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது.

"இப்ப இருக்கிற நம்ம நாட்ட ஒரு பிராணின்னு வச்சா, என்ன பிராணி சொல்வீங்க?"

"கோழி" என்றார் கீத் உடனே. "முட்டை போடப்போறேன் போடப்போறேன்னு மூணு வருஷமாக் கொக்கரிக்குது. கூட்டுக்குள்ள கையவிட்டுப் பாத்தா ஒண்ணுத்தையும் காணோம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிகையலங்காரக் கடை வைத்து ஓய்வுபெற்ற நார்மா ஆப்பிள்கார்த் மட்டும் சிரிக்கவில்லை. "கோழிய ஏன் சொல்ற? கோழிக்காவது தனக்கு என்ன வேணும்னு தெரியும்."

அடுத்து ஃபிலிப்பா ஒரு புகைப்படத்தைத் தூக்கிக் காட்டினாள். ரால்ஃப் முன்னால் குனிந்தார். அவருடைய படம்தான்.

"யாரு, பேங்கு மேனேஜரா?" என்றது ஒரு குரல்.

"அட, நம்ம எம்.பி.ப்பா" என்றார் கீத். "மூஞ்சியப் பாரு. ரெண்டு பொண்டாட்டிக்காரன் மூஞ்சி. இந்த வீட்டுலயும் சாப்பிட்டேங்கறான், அந்த வீட்டுலயும் சாப்பிட்டேங்கறான். ரெண்டு வீட்டுலயும் பட்டினி."

ஆய்வு நிறுவனத்துப் பெண் கருணையோடு தரையைப் பார்த்தாள். ரால்ஃப் கோபப்படப் பார்த்தார், வரவில்லை. அவ்வளவு சரியாக யாரும் அதுவரை சொன்னதில்லை.

"ஆலை மூடினப்போ மனுஷன் நம்ம கூட நின்னான். அதையும் சொல்லணும்" என்றாள் நார்மா. "இப்ப எங்க நிக்கறான்னுதான் தெரியல."

மூலையில் இருந்த ஒருவர் அதுவரை வாயே திறக்கவில்லை. பெரிய கைகள், நரைத்த புருவம். வில்ஃப் கார்பட் என்று பெயர் அட்டையில் எழுதியிருந்தது. ஃபிலிப்பா அவரிடம் திரும்பினாள். "நீங்க என்ன நினைக்கறீங்க வில்ஃப்?"

"நான் நினைச்சு என்ன ஆகப்போகுது?" என்றார் அவர். பிறகு, தான் அப்படிச் சொன்னது தனக்கே பிடிக்காதவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் ஆலைல கிரேன் ஓட்டினவன். அறுபது வயசுக்கு மேல ஆகற வரைக்கும் ஓட்டே போட்டதில்ல. எங்க வீட்டுல யாருமே போட்டதில்ல. அது படிச்சவங்க விஷயம்னு இருந்துட்டோம். அந்த ஐரோப்பா ஓட்டு வந்தப்போ, என்னவோ தோணிச்சு. காலைல எழுந்து ஷேவ் பண்ணிக்கிட்டேன். கல்யாணங் காட்சிக்குப் போடற கோட்டப் போட்டுக்கிட்டேன். ஸ்கூலுக்குப் போனா எங்க தெருவே வரிசைல நிக்குது. என்ன மாதிரி எத்தனை பேரு! எப்படிப் போடறதுன்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டு, திருவிழாவுக்கு வந்த பிள்ளைங்க மாதிரி."

நார்மா தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மறுநாள் டி.வி.ல பெரிய மனுஷங்கல்லாம் முகம் வெளுத்துப்போய்ப் பேசறாங்க. நானும் என் பொண்டாட்டியும் சோபாவுல கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். நாம சொன்னது லண்டன் வரைக்கும் கேட்டுருச்சுன்னு அவ சொன்னா. அடுத்த வருஷம் போயிட்டா அவ. சந்தோஷமாத்தான் போனா." வில்ஃப் மேசையைத் தடவினார். "எந்தப் பக்கம் போட்டேங்கறது கூட அப்பறம். என்னையும் ஒரு தலையா எண்ணுனாங்க. அதான். இப்ப அதத் திருப்பி எடுத்துக்கப் பாக்கறாங்க."

எதிரே உட்கார்ந்திருந்த பெத்தனி என்ற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். ரசாயன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. அவள் கைப்பையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நட்சத்திர வட்டம் போட்ட வில்லை குத்தியிருந்ததை ரால்ஃப் முதலிலேயே கவனித்திருந்தார். இப்போது அவள் பாய்வாள் என்று எதிர்பார்த்தார். அவையில் அப்படித்தான் நடக்கும். ஒருவர் நெஞ்சைத் திறந்தால் அடுத்தவர் அதில் கத்தியை இறக்குவார்.

"நான் போன சனிக்கிழமைகூட லண்டன்ல ஊர்வலம் போனேன்" என்றாள் அவள். "மறுபடி ஓட்டு வைங்கன்னு கேட்டு. பாலம், தெரு, பார்க்கு, எங்க பாத்தாலும் தலை. அவ்வளவு ஜனத்தை நான் பாத்ததே இல்ல. அழுகையே வந்துருச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்கள மாதிரி ஆளுங்க ஒண்ணும் தெரியாமப் போட்டுட்டீங்கன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவ நான். எங்கப்பாகிட்டயும் அதையே சொன்னேன். அவரோட பேச்சுவார்த்தை நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்பாகிட்டப் பேசு கண்ணு" என்றாள் நார்மா.

"மறுபடி ஓட்டு வச்சா நீங்க வருவீங்களா வில்ஃப்?" என்றாள் பெத்தனி.

"மாட்டேன்."

"ஏன்? திரும்பவும் நீங்களே ஜெயிக்கலாமே?"

"ஜெயிக்கறதுக்கா வந்தேன்?" என்றார் வில்ஃப். கோபமே இல்லாமல் கேட்டார். "மறுபடி கேட்டா, மொத தடவை நான் சொன்னது காதுல விழலன்னுதானே அர்த்தம். அப்பறம் எதுக்கும் வரமாட்டேன், சாகற வரைக்கும்."

பெத்தனி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் ஏதோ நடந்தது. கண்ணாடிக்கு இப்பால் ரால்ஃப் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். எத்தனையோ விவாதங்கள் கேட்டவர் அவர். புள்ளிவிவரம், சத்தியம், கண்ணீர் எல்லாம் பார்த்தவர். ஒரு மனுஷி, தான் நம்பிய ஒன்றைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதை இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை.

"எனக்கு இப்பத் தெரியல" என்றாள் பெத்தனி. "நிஜமாவே தெரியல."

ரால்ஃப் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். 'தெரியல.' அவையில் அறுநூற்றுச் சொச்சம் பேர் மூன்று வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியும், அந்த ஒரு சொல்லை ஒருவர் வாயிலிருந்தும் அவர் கேட்டதில்லை. தன் வாயிலிருந்தும்.

இந்த நேரம் பார்த்துத்தான் கீத் எழுந்து கண்ணாடிக்கு வந்தார். சாண்ட்விச்சில் இருந்த கீரை பல்லில் சிக்கியிருந்தது. உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ரால்ஃபின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பல்லைக் காட்டினார். ரால்ஃப் மூச்சைப் பிடித்தார். அவர் கையிலிருந்த போன் ஓசையில்லாமல் பளிச்சென்று ஒளிர்ந்தது. கட்சிக் கொறடா கூப்பிடுகிறார். இருட்டில் ஒளி பட்டதும் கண்ணாடி தன் வேலையை மறந்துவிட்டது.

"அய்யய்யோ!" கீத் துள்ளிப் பின்னால் போனார். "உள்ள ஒரு ஆளு நிக்கிறான்!"

"நான்தான் சொன்னேனே, எங்க ஆளுங்க..." என்று ஃபிலிப்பா ஆரம்பித்தாள்.

"உங்க ஆளு இல்லம்மா அது. அந்த மூஞ்சிய இப்பத்தானே படத்துல காட்டின!"

அறை கொந்தளித்தது. "ஒளிஞ்சு கேக்கறானா?" "இது என்ன பொழைப்பு?" "வெளிய வரச் சொல்லு!" ஆய்வு நிறுவனத்துப் பெண் ரால்ஃபின் கையைத் தொட்டாள். "பின்படி இருக்கு சார். கார் கீழதான் நிக்குது. போயிடுங்க."

போயிருக்கலாம். கால் அந்தப் பக்கம்தான் திரும்பியது. ஆனால் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, வில்ஃப் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த கதையை தெரியாமல் யாருக்கோ விற்றுவிட்டதைப் போல. ரால்ஃபால் அதைத் தாங்க முடியவில்லை. நடுவில் இருந்த கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

வெளிச்சத்தில் கண் கூசியது. சத்தம் அடங்கியது.

"மன்னிச்சிருங்க" என்றார் வில்ஃபிடம். "கேட்டிருக்கக் கூடாது. ஆனா கேட்டுட்டேன்."

வில்ஃப் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கேட்டியா?"

"கேட்டேன்."

"முழுசா?"

"முழுசா."

"சரி, அப்ப உக்காரு" என்றார் வில்ஃப்.

நார்மா ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். கீத் சாண்ட்விச் தட்டை நகர்த்தினார். "தின்னு. ரெண்டு வீட்டுலயும் பட்டினின்னு சொன்னேன், மனசுல வச்சுக்காத. ஆனா வாபஸ் வாங்க மாட்டேன்." முதலில் சிரித்தது ரால்ஃப்தான். பிறகு அறையே சிரித்தது. ஃபிலிப்பா தன் கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

"கட்சி சொல்றத விடு" என்றாள் நார்மா. "நீ என்ன நினைக்கற? எங்களப் பாத்துச் சொல்லு."

ரால்ஃப் வாயைத் திறந்தார். பழக்கமான வாக்கியங்கள் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. அவற்றை எல்லாம் போகவிட்டார்.

"வெளிய போறது தப்புன்னு நினைக்கறேன். ரசாயன ஆலை அடிவாங்கும், துறைமுகம் அடிவாங்கும். அன்னைக்கும் நினைச்சேன், இன்னைக்கும் நினைக்கறேன். ஆனா உங்க தீர்ப்ப மதிப்பேன்னு வாக்குக் குடுத்தேன். அதையும் நிஜமாத்தான் குடுத்தேன். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன். அதனால எதுவந்தாலும் வேண்டாம்னு சொல்லிட்டு வர்றேன். பயம்."

"யாரப் பாத்து? எங்களையா?"

"உங்கள இழந்துருவேனோன்னு."

"நாங்க என்ன உன் வீட்டுச் சொத்தா, இழக்கறதுக்கு?" என்றாள் நார்மா.

அதற்குப் பிறகு யாரும் அவரை அதிகம் கேட்கவில்லை. தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒப்பந்தமே வேண்டாம், கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகலாம் என்றார் கீத். கதவை அறைந்தால் விரல் நசுங்குவது என் ஆலையில் என்றாள் பெத்தனி. வெளியேறினால் அயர்லாந்து எல்லையில் சோதனைச்சாவடி வருமா என்று யாரோ கேட்டார்கள். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ரால்ஃப் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், பாதியில் அவருக்கே குழம்பியது. சண்டை வந்தது, அடங்கியது, மறுபடி வந்தது. ஒருமுறை கீத் மேசையைக் குத்தினார், பெத்தனி பதிலுக்குக் குத்தினாள், டீ கொட்டியது, இருவரும் சேர்ந்து துடைத்தார்கள். கடைசிவரை எட்டுப் பேருக்கும் ஒரே கருத்து வரவில்லை. ஆனால் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. கூட்டம் முடியவேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

ரால்ஃப் பார்த்துக்கொண்டே இருந்தார். இவர்களை அவர் இத்தனை நாள் நூற்றுக்கு இத்தனை என்று அறிந்திருந்தார். சிவப்பும் நீலமுமான கோடுகள் ஏறும், இறங்கும். அதைப் பார்த்து அவரும் ஏறி இறங்குவார். கோட்டுக்கு அடியில் இவ்வளவு ஆழம் இருந்ததா? கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்து, முதல் தடவையாக இன்றுதான் கடலைத் திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது.

கோட்டை மாட்டிக்கொள்ளும்போது நார்மா அவர் எதிரே வந்து நின்றாள். "உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய். யாருக்கும் பயந்துக்கிட்டுச் செய்யாத. எனக்குச் சரின்னு பட்டத நான் அடுத்த தேர்தல்ல செய்வேன். உன்னத் தோக்கடிக்கத்தான் போடுவேன்னு நினைக்கறேன். ஆனா தெருவுல பாத்தா பேசுவேன். நீயும் பேசணும்."

"பேசறேன்."

"சந்தைக்கு வா. உன் பொண்டாட்டிக்கு நல்ல காலிஃபிளவர் பாத்து வாங்கத் தெரியல."

அந்த வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் மூன்றாம் முறையாக வந்தது. மணி அடித்தது. ஆம் என்பவர்கள் வலப்பக்கக் கூடத்துக்கும் இல்லை என்பவர்கள் இடப்பக்கக் கூடத்துக்கும் நடந்தாக வேண்டும். அங்கே வாக்களிப்பது காலால்தான். அவர் கட்சி இடப்பக்கம் திரண்டு நடந்தது. ரால்ஃப் பெஞ்சிலிருந்து எழுந்து, பதினான்கு வருடத்தில் முதல் முறையாகக் கட்சியை மீறி, வலப்பக்கம் திரும்பினார். ஒப்பந்தம் நல்லது என்று அவருக்கு அன்றும் தோன்றவில்லை. ஒரு மனிதன் வாழ்நாளில் போட்ட ஒரே ஓட்டைக் குப்பையில் போடுவது அதைவிடப் பெரிய தப்பு என்று பட்டது, அவ்வளவுதான். பல வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட நண்பர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எங்க போறய்யா, வழி தவறிப்போச்சா?" என்று யாரோ கத்தினார்கள். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அன்றும் ஒப்பந்தம் தோற்றது. அவர் நடந்ததால் உலகம் எதுவும் மாறவில்லை. பிரதமர் போனார், இன்னொருவர் வந்தார். கட்சி அவரைத் திட்டியது, நீக்கவில்லை. சனிக்கிழமைகளில் ரால்ஃப் சந்தைக்குப் போனார். திட்டினார்கள், நின்று கேட்டார். சில பேர் கை கொடுத்தார்கள். பெத்தனி ஒரு நாள் ஒரு கிழவரோடு மீன்கடையில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தாள். "எங்கப்பா" என்றாள், சிரித்துக்கொண்டே. பிறகு வாதத்தைத் தொடர்ந்தாள்.

டிசம்பரில் பொதுத் தேர்தல் வந்தது. ரால்ஃப் அதில் தோற்றார். அவர் கட்சி எழுபது எண்பது வருடமாக வைத்திருந்த தொகுதி கைமாறியது. நார்மா சொன்னபடியே செய்திருந்தாள். மறுநாள் போனில் கூப்பிட்டு அவளே சொன்னாள். ஆனால் அந்தத் தேர்தலை நினைக்கும்போதெல்லாம் தோல்வி அவருக்கு இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வரும். முதலில் வருவது வாக்குப்பதிவு நாளின் மத்தியானம்.

மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் சட்டையில் கட்சி நிறத் துணிப்பூவைக் குத்திக்கொண்டு நனைந்துகொண்டு நின்றார் ரால்ஃப். வரிசை சுவரை ஒட்டித் தெருமுனை வரை போயிருந்தது. குடைகள், குழந்தை வண்டிகள், இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்தவர்கள். பாதிப்பேர் தன்னை வீழ்த்த வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கப் பார்க்க நெஞ்சு விம்மியது. யாரும் இவர்களை அடித்து ஓட்டி வரவில்லை. மூன்று வருடமாக ஏமாற்றியும், இழுத்தடித்தும், இந்த மழையில், மறுபடி வந்திருக்கிறார்கள்.

வில்ஃப் கார்பட் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கறுப்புக் கோட்டு, மழித்த முகம். நாற்காலியில் பிளாஸ்டிக் மழைத்தொப்பி போட்ட ஒரு கிழவி.

"வரமாட்டேன்னு சொன்னீங்களே" என்றார் ரால்ஃப்.

"நீ வலப்பக்கம் நடந்தத டி.வி.ல பாத்தேன்" என்றார் வில்ஃப். "அதனால ஒண்ணும் உனக்குப் போடுவேன்னு கனவு காணாத. யாருக்குன்னு சொல்லமாட்டேன். இது எங்கக்கா, எட்னா. எண்பத்தோரு வயசு. இவளும் இதுவரைக்கும் போட்டதில்ல."

படியில் நாற்காலி ஏறவில்லை. ரால்ஃப் ஒரு பக்கமும் வில்ஃப் ஒரு பக்கமுமாகத் தூக்கினார்கள். உள்ளே குழந்தைகள் வரைந்த மீன் படங்களுக்கு நடுவே வாக்குச்சாவடி மறைப்புகள் நின்றன. எட்னா சீட்டை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மறைப்பில் நூலில் கட்டித் தொங்கிய பென்சிலைப் பார்த்ததும் திகைத்துப்போய்த் திரும்பினாள்.

"பென்சிலா குடுக்கறாங்க?" என்றாள் தம்பியிடம். "அழிச்சிர மாட்டாங்களே?"

வில்ஃப் கதவருகில் நின்ற ரால்ஃபைப் பார்த்தார்.

"அழிக்க மாட்டாங்கம்மா" என்றார் ரால்ஃப். "தைரியமாப் போடுங்க."

அவள் தலையாட்டினாள். பிறகு இருவரையும் வெளியே போகும்படிக் கையைக் காட்டிவிட்டு, மறைப்புக்குள் குனிந்தாள்.